கம்மலின் பின்பக்கம்

கலசப்பாக்கம்
3.6.1981

மதிப்பிற்குரிய டீச்சர் அம்சவல்லி அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் தசரதன். கலசப்பாக்கம் கடைத்தெருவில் முப்பது வருடமாக நகைக்கடை வைத்திருப்பவர் என் அப்பா. போன மாதம் போளூரில் பள்ளிக்கூடக் கண்காட்சி நடந்ததே, அதன் வாசலில் ஒரு பலகை இருந்தது. நாலே கோட்டில் ஒரு எருது. உள்ளே போகாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரைந்தது யார் என்று விசாரித்தால், ஜவ்வாது மலைப் பள்ளியின் டிராயிங் டீச்சர், மலையிலேயே பிறந்து வளர்ந்தவங்க என்றார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கடைக்கு எதிர்வரிசையில் எனக்கென்று தனியாகக் கடை திறக்கிறேன். ஆவணி பதினொன்று, வியாழக்கிழமை. ஆகஸ்டு 27. அதற்கு ஒரு சின்னம் வேண்டும். போர்டில், துணிப்பையில், நகைப்பெட்டி மூடியில் போட வேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு நகையின் பின்பக்கத்திலும் சீல் அடிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களும் பார்த்த உடனே 'இது தசரதன் கடை நகை' என்று சொல்ல வேண்டும்.

மறைக்காமல் சொல்கிறேன். மலை சனங்கள் இப்போதெல்லாம் எங்கள் கடைப் பக்கம் வருவதில்லை. புளி விற்ற கையோடு பஸ்ஸில் எங்களைத் தாண்டித் திருவண்ணாமலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்கள் என் கடைக்கு வர வேண்டும். வராவிட்டால் என் கடை ஆறு மாதம் தாங்காது.

தயவுசெய்து மறுக்காதீர்கள்.

இப்படிக்கு,
தசரதன்


ஜமுனாமரத்தூர்
9.6.1981

திரு. தசரதன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

மலை சனம் ஏன் வருவதில்லை என்று உங்களுக்குத் தெரியாதா, அல்லது தெரியாத மாதிரி எழுதுகிறீர்களா? எனக்குப் பன்னிரண்டு வயதில் என் அம்மா உங்கள் அப்பா கடையில் ஒரு ஜோடி கம்மல் வாங்கினார். இரண்டு வருடம் கழித்து என் படிப்புச் செலவுக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோனோம். உங்கள் அப்பா உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். "இது இன்னாம்மா, பாதி செம்பு. இது நம்ம கடை நகையே இல்ல" என்று சொல்லி அம்மாவின் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் விற்ற நகைதான். அதன் பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. இல்லை என்று சொல்ல வசதியாகிவிட்டது. எங்கள் ஊரில் இந்த மாதிரி கதை வீட்டுக்கு ஒன்று இருக்கிறது.

ஆனாலும் நீங்கள் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை. ஒவ்வொரு நகையின் பின்பக்கத்திலும் சீல். அப்படி ஒன்று அன்றைக்கு இருந்திருந்தால் உங்கள் அப்பாவால் அந்தப் பேச்சைப் பேசியிருக்க முடியாது. அதற்காகத்தான் வரைகிறேன், உங்கள் கடைக்காக அல்ல. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். என் கோடு எந்த நகையில் விழுகிறதோ அந்த நகைக்கு எங்கள் ஊரில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தங்கம் தங்கமாக இருக்க வேண்டும்.

இரண்டு படம் வைத்திருக்கிறேன். ஒன்று, வட்டத்துக்குள் ஏழு புள்ளி. இன்னொன்று, மலைக்கோடும் அதன் மேல் சூரியனும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அம்சவல்லி


கலசப்பாக்கம்
14.6.1981

டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் அம்மா விஷயம் படித்தேன். என் கடையில் அப்படி நடக்காது. அது அப்பா கடை, இது என் கடை. இதற்கு மேல் இப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

படங்கள் பிரமாதம். ஆனால் சில அபிப்பிராயங்கள். கோபித்துக்கொள்ளக் கூடாது.

மலையும் சூரியனும் ஆகாது. பையில் போட்டால் ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறான் என்பார்கள். ஏழு புள்ளியை அப்பாவிடம் காட்டினேன். "இன்னாடா இது, இட்லித் தட்டா? லட்சுமி இல்லாம நகைக்கடையா?" என்றார். அம்மா, லட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானை இருந்தால் லட்சணமாக இருக்கும் என்கிறாள். ஆரணியிலிருந்து வந்த மச்சான் தராசு போடச் சொல்கிறார், நேர்மை தெரியுமாம். எனக்கு நடுவில் ஒரு மாணிக்கக் கல் இருந்தால் தேவலை. பட்டை தீட்டிய கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும், அகலம் மேலே, கூர் கீழே, அந்த மாதிரி. நல்ல சிவப்பில்.

எல்லாம் இருக்க வேண்டும். ஆனால் சிம்பிளாக இருக்க வேண்டும். பார்த்தால் பளிச்சென்று இருக்க வேண்டும், ஆனால் பகட்டாக இருக்கக் கூடாது. நீங்கள் அனுப்பியதில் ஏதோ ஒன்று குறைகிறது. என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்தால் சொல்லிவிடுவேன்.

வேலூரில் அச்சு வெட்டுகிற ஆசாரி இந்த மாதத்துக்குள் படம் வேண்டும் என்கிறார். எனக்கு இங்கே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

தசரதன்


(அஞ்சலட்டை)
கலசப்பாக்கம்
19.6.1981

டீச்சர், பதில் இல்லை. யானை வேண்டாமென்றால் விட்டுவிடலாம். தபால்காரரைப் பார்த்துப் பார்த்து அவரே என்னைக் கண்டால் வேறு தெருவில் போகிறார். தசரதன்.


ஜமுனாமரத்தூர்
21.6.1981

திரு. தசரதன் அவர்களுக்கு,

அட்டை கிடைத்தது. பஸ் இரண்டு நாள் மலையேறவில்லை, மழை. தபாலும் அதில்தான் வரும். நீங்கள் குதிப்பதால் பஸ் வேகமாக ஏறாது.

லட்சுமி, இரண்டு யானை, தராசு, மாணிக்கம். ஐயா, சீல் எவ்வளவு பெரிதாக அடிப்பீர்கள்? கம்மல் பின்பக்கத்தில் ஓர் எள் உட்காரும் இடம்தான் இருக்கும். அந்த எள்ளுக்குள் இரண்டு யானையை ஏற்றச் சொல்கிறீர்கள். இத்தோடு அந்தப் படத்தையும் எள்ளளவில் வரைந்து வைத்திருக்கிறேன். தேடிப் பாருங்கள். பேப்பரில் பேனா மை சொட்டியது போல ஒன்று தெரிகிறதே, அதுதான் உங்கள் குடும்பம் கேட்டது.

மாணிக்கத்தை மட்டும் தனியாக வரைந்து சந்தைக்குக் கொண்டுபோனேன். என் வழக்கம் அதுதான். எது வரைந்தாலும் படிக்காதவர்களிடம் நீட்டி, இது என்ன என்று கேட்பேன். சிவப்பு, அகலம் மேலே, கூர் கீழே. புளி விற்க வந்த கெங்கம்மாள் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "அம்சா, நீ எப்போ ஆசுபத்திரி வேலைக்குப் போனே? எங்க வூட்ல ஏற்கெனவே ஆபரேசன் பண்ணியாச்சி, ஆள வுடு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். இந்த மலையில் சுவர் இருக்கிற இடத்திலெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கான தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் அடித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மாணிக்கத்தைப் போர்டில் போட்டால் ஒரு ஆள்கூடப் படியேற மாட்டார்.

'ஏதோ குறைகிறது' என்று இனிமேல் எழுதாதீர்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. என்ன பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அல்லது யாருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நகையைப் போட்டுக்கொள்ளப் போவது உங்கள் மச்சானா?

கடைசியாக ஒரு படம் அனுப்புகிறேன். புளியம்பூ. யாரும் நின்று பார்க்காத பூ. மூன்று இதழ், வளைந்த ஒரு காம்பு, அவ்வளவுதான். எள்ளளவில் அடித்தாலும் மூன்று இதழும் தனித்தனியே நிற்கும், நகத்தால் தடவினாலே தெரியும். சந்தையில் பதினாறு பேரிடம் காட்டினேன். பதினைந்து பேர் யோசிக்காமல் சொன்னார்கள். பதினாறாவது ஆளுக்குக் கண் தெரியாது, தடவிப் பார்க்கட்டும் என்று களிமண்ணில் கீறிக் கொடுத்தேன். அவரும் சொன்னார்.

அம்சவல்லி


கலசப்பாக்கம்
29.6.1981

டீச்சர் அவர்களுக்கு,

முதலில் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நகைக்கடைக்குப் புளியா, மளிகைக்கடை என்று நினைப்பார்களே என்று. நாலு நாள் மேசைமேல் வைத்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். ஐந்தாம் நாள் எங்கள் தோட்டத்துப் புளியமரத்தடியில் போய் ஒரு பூவைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். வெளிர் மஞ்சள், அதில் சிவப்பு நரம்பு ஓடுகிறது. இத்தனை வருடம் அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

டீச்சர், இதுதான். ஒரு கோடு கூட மாற்ற வேண்டாம். அப்பாவிடம் காட்டவில்லை, மச்சானிடம் காட்டவில்லை. நேராக வேலூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆசாரி ஈயத்தகட்டில் அடித்துக் காட்டினார். மூன்று இதழும் நின்றது. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அச்சு நாலாம் தேதி கைக்கு வரும். போர்டு எழுதுகிறவருக்கும் படத்தைக் கொடுத்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு நீங்களும் உங்கள் அம்மாவும் அவசியம் வர வேண்டும்.

தசரதன்


ஜமுனாமரத்தூர்
18.7.1981

தசரதன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

என் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா பூங்கோதை. நேற்று மகளைப் பார்க்க வந்தார். வந்ததும் ஒரு காதிலிருந்து கம்மலைக் கழற்றி, திருப்பி, என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "டீச்சரு, உன் பூவு!" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. சந்தைக்கு நகை கொண்டுவந்த பழனி என்கிற ஆள், "உங்க ஊர் டீச்சரே வரைஞ்ச மார்க்கும்மா, கண்ண மூடினு வாங்கு" என்று சொல்லி விற்றாராம். வாங்கி எட்டு நாள்தான் ஆகிறது.

நான் பூவைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தேன். ஓட்டையைச் சுற்றிப் பச்சை படர்ந்திருந்தது. அந்தப் பச்சையை நான் என் அம்மாவின் காதில் பார்த்திருக்கிறேன்.

'நல்லாருக்குதுக்கா' என்று சொல்லி அனுப்பினேன். அதைச் சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. நேற்றிலிருந்து வகுப்பில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கரும்பலகையில் ஒரு பானை வரையப் போய், பிள்ளைகள் சிரிக்கிற அளவுக்குக் கோணல்.

உங்கள் கடை இன்னும் திறக்கவே இல்லை. அதற்குள் என் பூ எப்படிச் சந்தைக்கு வந்தது? எத்தனை பேர் காதில் இருக்கிறது? நேராகப் பதில் எழுதுங்கள்.

அம்சவல்லி


கலசப்பாக்கம்
24.7.1981

டீச்சருக்கு,

நேராகவே எழுதுகிறேன்.

அச்சு நாலாம் தேதி வந்தது. வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். ஆறாம் தேதி நான் லைசென்சு விஷயமாகத் திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அப்பாவும் பழனியும் பழைய கடையில் விற்காமல் கிடந்த கம்மல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சீல் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். பழனி அப்பாவின் ஆள். "இன்னாப்பா இது?" என்றேன். "உன் கடைக்குத்தான்டா வெளம்பரம். மலைக்காரங்க ஒரு பூவுக்கு மயங்குவாங்கன்னா அடிச்சிட்டாப் போச்சு" என்றார். அந்தச் சரக்கு என்ன டச்சு, அதில் எவ்வளவு தங்கம் என்று எனக்குத் தெரியும். பாதிக்குப் பாதி.

சத்தம் போட்டேன். அது உண்மை. அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டேன், அதுவும் உண்மை. புதுக்கடைக்கு முதல் போட்டது அப்பா. அவர் கையை உதறினால் ஆவணியில் கடை இல்லை. அச்சை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டேன். ஆனால் பழனி பையோடு மலையேறியதைத் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னால் போனேன். போய், பஸ் கிளம்புவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். உங்களுக்கு எழுதவும் தைரியம் வரவில்லை.

எத்தனை பேர் என்று பழனிக்கே சரியாகத் தெரியவில்லை. இருபதுக்கு மேல்.

ஒரு வழி இருக்கிறது. நீங்கள் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். கடை திறந்த பிறகு ஒவ்வொருவராக வந்தால், 'பாலீசு போட்டுத் தருகிறேன்' என்று வாங்கி, சத்தமில்லாமல் நல்ல தங்கமாக மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். அவர்களுக்கு நஷ்டமில்லை. உங்கள் பெயரும் கெடாது, என் கடையும் பிழைக்கும்.

தசரதன்


ஜமுனாமரத்தூர்
2.8.1981

தசரதன் அவர்களுக்கு,

'உங்கள் பெயரும் கெடாது.' இந்த வரியைப் படித்து ஒரு நிமிடம் நானும் ஆசைப்பட்டேன். அதை மறைக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடுமே என்று மனசு ஓடியது. பிறகு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

உங்களுக்கு ஏன் என் படம் வேண்டியிருந்தது என்று இப்போது புரிகிறது. எருதைப் பார்த்து நின்றீர்கள், அது நிஜமாகவே இருக்கட்டும். ஆனால் மலையில் பிறந்தவள் என்று சொன்னார்களே, அதன் பிறகுதான் எழுதினீர்கள். போளூரில் டிராயிங் மாஸ்டரே இல்லையா? உங்களுக்குத் தேவைப்பட்டது என் கோடு இல்லை, எங்கள் ஆட்கள் என்மேல் வைத்திருக்கிற நம்பிக்கை. அதை நானே எள்ளளவுக்குச் சுருக்கி, அடிக்க வசதியாக உங்கள் கையில் கொடுத்திருக்கிறேன்.

நேற்றும் இன்றும் வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு. 'அக்கா, அந்தக் கம்மல் பாதி செம்பு. பூவு நான் வரைஞ்சது. என்ன நம்பித்தான் வாங்கினீங்க.' மொத்தம் இருபத்தாறு பேர். திட்டினால் தேவலை என்று இருந்தது. ஒருவரும் திட்டவில்லை. பூங்கோதை கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ அன்னிக்கி ஏன் நல்லாருக்குதுன்னே?" என்று மட்டும் கேட்டார். கெங்கம்மாள் நான் பேசப் பேச புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டே இருந்தார். முடித்த பிறகும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த வீட்டிலிருந்து இறங்கி நடந்தபோது, இனி இந்த ஊரில் என் படத்தை யாரிடமும் நீட்ட முடியாது என்று தோன்றியது.

கேளுங்கள். சத்தமில்லாமல் ஒன்றும் நடக்காது. ஆகஸ்டு 27 அன்று காலைப் பஸ்ஸில் இருபத்தாறு பேரும் வருகிறார்கள். அத்தனை பேர் எதிரில் உரைகல்லில் உரைத்துக் காட்டுங்கள். மாற்றிக் கொடுங்கள். நான் வரமாட்டேன். அவர்களோடு ஒரே பஸ்ஸில் உட்கார எனக்கு முகமில்லை.

அதற்கு முன்னால் என் பூவை அழித்துவிடுங்கள். போர்டில், பையில், எங்கும் இருக்கக் கூடாது. அச்சை அரத்தால் தேயுங்கள். படத்தைப் பற்றி நான் சொல்கிற கடைசி அபிப்பிராயம் இதுதான்.

அம்சவல்லி


கலசப்பாக்கம்
28.8.1981

டீச்சருக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். விழாவுக்கு முதல் நாள் போர்டில் இருந்த பூவின் மேல் வெள்ளை அடிக்கச் சொன்னேன். பைகளைக் கட்டி உள்ளே போட்டேன். அச்சை நானே தேய்த்தேன். தேய்க்கும்போது கை ஓடவில்லை, ஆனால் தேய்த்துவிட்டேன்.

நேற்று மேளம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்து நின்றது. இருபத்தாறு பேர் வரிசையாக இறங்கி, கெங்கம்மாள் முன்னால் வர, கடைக்குள் வந்தார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மச்சான், கடைத்தெரு ஆட்கள், எல்லோரும் இருந்தார்கள். உரைகல்லை எடுத்து நடுமேசையில் வைத்து, முதல் கம்மலை உரைத்தேன். "பாதி செம்பு. எங்க கடைச் சரக்குதான். தப்பு எங்களுது" என்று சத்தமாகச் சொன்னேன். "டேய்" என்றார் அப்பா. இரண்டாவதை உரைத்தேன், அதையே சொன்னேன். ஐந்தாவது கம்மலில் அப்பா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இன்னும் என்னிடம் பேசவில்லை. இனிப் பேசுவாரா என்றும் தெரியவில்லை. நான் நிறுத்தவில்லை. இருபத்தாறையும் அதே சொல்லோடு உரைத்து முடித்தேன்.

பிறகு ஆளுக்கு ஒரு ஜோடி புதுக் கம்மலைத் தட்டில் வைத்தேன். நல்ல தங்கம், நானே உருக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று செய்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கெங்கம்மாள் ஒரு கம்மலை எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பினார். நகத்தால் தடவினார். என்னைப் பார்த்தார்.

"பூவு எங்க?"

"அழிச்சிட்டேன்மா. டீச்சரம்மா அழிக்கச் சொல்ட்டாங்க."

"அவ சொல்வா. வூடு வூடா வந்து, 'பூவு நான் வரைஞ்சது, என்ன நம்பித்தான் வாங்கினீங்க'ன்னு நின்னவளாச்சே. எங்கள ஏமாத்துனது பூவா? உங்கப்பன்தான?"

அவர் கம்மலைத் தட்டில் திருப்பி வைத்தார். பூங்கோதையும் வைத்தார். அப்புறம் ஒவ்வொருவராக, இருபத்தாறு பேரும் வைத்துவிட்டார்கள்.

"அப்பனும் இப்டித்தான் பின்னால ஒன்னுமில்லாம குடுத்தான். நாளைக்கி நீயும் 'எங்க கடை நகையில்ல'ன்னு சொல்வே. மார்க்கு இல்லாத நகை எங்களுக்கு வாணாம்."

"இப்போ இன்னாம்மா பண்ணச் சொல்றீங்க?"

"இன்னா பண்றதா? எங்க பொண்ணுகிட்ட போய்ப் பூவு வாங்கினு வா. அதுக்கப்புறம் காதுல போட்டுக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேரும் வெறுங்காதோடு பஸ் ஏறிவிட்டார்கள்.

தசரதன்